சிங்கமும் இல்லை, பட்டையும் இல்லை: இலங்கைக்கு ஒரு புதுக் கொடி வரைஞ்சு பார்த்திருக்கிறன்

பனங்கீற்று (யாழ்ப்பாணம்)

கட்சி அரசியலுக்காக இந்த இழையைத் தொடங்கேல்லை. கொடிகளை ஒரு வடிவமைப்பு வேலையாப் பார்க்கிற ஆக்கள் இங்க கொஞ்சப்பேர் இருக்கிறியள் எண்டு தெரியும், அவையின்ர கருத்துத்தான் வேணும்.

இப்ப இருக்கிற கொடியை அரசியலை மறந்துபோட்டுப் பாருங்கோ. வலப்பக்கம் சிங்கம், மெருன் பின்னணி, நாலு மூலையிலயும் அரசிலை, அதைச் சுத்தி மஞ்சள் கரை. அந்தப் பெட்டி அதோட முடிஞ்சுது. இடப்பக்கம் பச்சையும் செம்மஞ்சளும் வேற ஒரு பெட்டிக்குள்ள நிக்குது. வீடு கட்டிக் குடிபுகுந்த பிறகு பக்கத்தில பத்தி (சாய்ப்பு) இறக்கினது மாதிரி. வரலாறும் அப்பிடித்தான். 1948இல சிங்கக்கொடி மட்டும் ஏறினது. தமிழ், முஸ்லிம் உறுப்பினர்கள் முறைப்பட, பண்டாரநாயக்க தலைமையில ஒரு குழு போட்டவை. ஜே.ஆர். ஜயவர்தன, கொத்தலாவல, ஜாயா, ஜி.ஜி. பொன்னம்பலம், செனட்டர் நடேசன் எல்லாரும் அதில இருந்தவை. 1951இல வெளியில வந்தது சிங்கமும், தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் எண்டு ரெண்டு பட்டையும். நடேசன் மட்டும் உடன்படேல்லை.

பிரச்சினை குழுவுக்குக் குடுத்த கேள்வியிலயே இருக்கு. "என்ன கொடி வேணும்" எண்டு கேக்காமல், "இதில வேற என்னத்தைச் சேர்க்கலாம்" எண்டு கேட்டால் பத்தி தான் வரும்.

என்ர வரைவு: 1:2 அளவு அப்பிடியே. முழுக்கக் கடல்நீலம். கீழ் இடப்பக்கமிருந்து ஒரு வெள்ளை வளைவு மேல வருது, அது சோளகம், தென்மேல் பருவக்காத்து. மேல் வலப்பக்கமிருந்து இன்னொரு வெள்ளை வளைவு கீழ இறங்குது, அது வாடை, வடகீழ் பருவக்காத்து. ரெண்டும் நடுவில ஒண்டையொண்டு சுத்தி நிக்கும், முட்டாது. சிறுபோகமும் காலபோகமும் இந்த ரெண்டு காத்தாலதான். மழைக்கு இனம் கிடையாது. மிருகம் இல்லை, ஆயுதம் இல்லை, ஆருக்கும் எண்டு ஒதுக்கின நிறமும் இல்லை.

கிழிச்சுத் தொங்க விடுங்கோ.

கல்லடிப்பாலம் (மட்டக்களப்பு)

வரைவு வடிவா இருக்கு தம்பி. ஆனா முதல்ல சொல்ல வேண்டியதச் சொல்லாமப் போயிற்றீங்க. சிங்கம் எந்தப் பக்கம் பார்க்குது? நம்மட பட்டையளப் பார்த்துத்தான். கையில வாள். இத ஒரு சின்னப் புள்ளையும் கேக்கும்.

ஸ்காபரோ சித்தப்பா (ரொறன்ரோ)

அந்த வாள் கதையை நாப்பது வருசமாக் கேக்கிறன். கொடியில மிருகம் வரைஞ்சால் கம்பத்தைப் பார்த்து நிக்கிறது உலக வழமை. கொடியைப் பிடிச்சுக்கொண்டு முன்னுக்கு நடக்கேக்க மிருகமும் முன்னுக்குப் பார்க்க வேணும், அவ்வளவுதான். கண்டி அரசன்ர கொடியிலயும் சிங்கம் கம்பத்தைத்தான் பார்த்தது, அப்ப பட்டையே இல்லை. பட்டையைக் கம்பத்தோட ஒட்டினபடியால் சிங்கம் பட்டையைப் பார்க்குது. மற்றப்பக்கம் ஒட்டியிருந்தால், "எங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிக்குது" எண்டு இதே இழையில எழுதியிருப்பம்.

ஆனா பனங்கீற்று சொன்ன "என்னத்தைச் சேர்க்கலாம்" எண்ட புள்ளி சரி. நான் இருக்கிற நாட்டிலயும் அதே சண்டை நடந்தது. 1964இல கனடாப் பிரதமர் பியர்சன் புதுக் கொடி வேணும் எண்டார், எதிர்க்கட்சித் தலைவர் டீஃபன்பேக்கர் பிரித்தானியக் கொடி மூலையில இருந்த பழைய சிவப்புக் கொடியை விடமாட்டன் எண்டார். 15 பேர் கொண்ட குழு. பிரித்தானியருக்கு யூனியன் ஜாக், பிரெஞ்சுக்காரருக்கு லில்லிப்பூ, ரெண்டையும் வைச்சு நடுவில மேப்பிள் இலை எண்டெல்லாம் வரைவு வந்தது. கடைசியில யூனியன் ஜாக்கும் போச்சு, லில்லியும் போச்சு, இலை மட்டும் நிண்டது. சேர்த்துச் சேர்த்து அல்ல, கழிச்சுக் கழிச்சு வந்த கொடி.

குழுவுக்குள்ள நடந்ததுதான் பகிடி. பியர்சனுக்குப் பிடிச்சது மூண்டு இலையும் நீலக் கரையும் உள்ள வரைவு. அவற்ற லிபரல் கட்சிக்காரர் அதுக்குத்தான் போடுவினம் எண்டு நினைச்சு, எதிர்க்கட்சிக்காரர் ஜோர்ஜ் ஸ்டான்லியின்ர ஒற்றை இலைக்குப் போட்டவை. லிபரல்காரரும் அதுக்கே போட்டிட்டினம். 14-0. பிறகு பாராளுமன்றத்தில 163க்கு 78. 1965 பெப்ரவரி 15 ஏத்தினவை.

காத்தான்குடிக் காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். ஒரு விசயம் ஒருத்தரும் சொல்லல்ல. கண்டிச் சிங்கக்கொடியத்தான் சுதந்திர இலங்கைட கொடியா ஏத்தணும் எண்டு 1948 ஜனவரியில பாராளுமன்றத்தில பிரேரணை கொண்டு வந்தவர் யாரு? மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் சின்னலெப்பை. நம்மட ஊர்ப்பக்கத்து ஆள், முஸ்லிம். ஆகவே சிங்களவர் போட்டாங்க, நாம வாய் பார்த்தோம் எண்ட கதை முழுசாச் சரியில்ல.

அடுத்தது தம்பிட வரைவு. வாடை வடக்கிலருந்து வருகுது, சோளகம் தெற்கிலருந்து. ரெண்டு வளைவு. பார்க்கிறவன் என்ன சொல்லுவான்? வடக்கு தமிழன், தெற்கு சிங்களவன் எண்டுதான். நம்மட காத்து எங்க தம்பி?

பனங்கீற்று

காக்கா, ராத்திரி முழுக்க இதைத்தான் யோசிச்சன். நான் போட்டது காத்து. நீங்கள் பார்த்தது இனம். இந்த நாட்டில எதை ரெண்டாப் போட்டாலும் அப்பிடித்தான் வாசிக்கப்படும் போல.

கல்லடிப்பாலம்

அதோட சோளகம் எண்டு நீங்க சொல்ற அதே காலத்தில நமக்கு வாறது கச்சான். ஆனி ஆடியில கண்ணுக்குள்ள மண்ண வாரிப் போட்டுட்டுப் போகும், ஒரு துளி மழ தராது. நடுவில சுத்திற வளைவும் வேணாம். 1978 சூறாவளியில கூரை போன ஊர் நாங்க. கொடியில சுழல் போட்டா எங்கட அம்மா அத வளவுக்குள்ள கொண்டுவர விடமாட்டா.

மஸ்கெலியா மழை

உங்களுக்கு மண்ண வாரிப் போடுற அந்தக் காத்துதான் எங்களுக்கு மழை. ஜூன், ஜூலையில இங்க வந்து பாருங்க, றப்பர் சீட்டு இல்லாம மலை ஏற முடியாது. ஒரே காத்து ஒரு பக்கம் காயுது, ஒரு பக்கம் கொட்டுது. இனத்தை விட்டுட்டு நாட்டைப் பத்திப் பேசுறதுன்னா இதைத்தான் பேசணும்னு எனக்குத் தோணுது. அதனால வரைவு எனக்குப் பிடிச்சிருக்கு.

ஆனா வேற ஒண்ணு. ஸ்கூல்ல எங்க டீச்சர், "செம்மஞ்சள் தமிழர், பச்சை முஸ்லிம்கள், மெருன் சிங்களவர்"னு படம் வரைஞ்சு காட்டினாங்க. அப்ப கேக்கத் தெரியல. 1948ல குடியுரிமைச் சட்டம் வந்து எங்க பாட்டன் பாட்டியை நாடற்றவங்க ஆக்கிருச்சு. 1951ல செம்மஞ்சள் பட்டை வந்தப்ப மலையகத்துல பெரும்பாலானவங்களுக்குக் குடியுரிமையும் இல்ல, வாக்கும் இல்ல. அந்தப் பட்டையில நாங்க இருந்தோமா, இல்லையா? குழுவுல இருந்தவங்க யாராவது அதை யோசிச்சிருப்பாங்களா?

மலாய், பறங்கியர், வேடர், இவங்களுக்கு எது? சிலர் மஞ்சள் கரைங்கிறாங்க, சிலர் அதையே வேற மாதிரி சொல்றாங்க. ஒரு நிறத்தை ஒரு கூட்டத்துக்குன்னு எழுதி வச்ச உடனே, எழுதப்படாத கூட்டம் ஒண்ணு வெளிய நிக்கும்.

மட்டுறுத்துனர்

இயக்கக் கொடிப் படம் ஒன்றும் அதற்கு வந்த பதில்களும் நீக்கப்பட்டுள்ளன. இழை வடிவமைப்பைப் பற்றியது. தொடருங்கள்.

பாலாற்றங்கரை (வேலூர்)

இந்தியாவிலிருந்து எழுதுகிறேன், உங்கள் விவகாரத்தில் மூக்கை நுழைப்பதாக நினைக்க வேண்டாம். அந்தச் சிங்கக்கொடிக்குக் கடைசிச் சொந்தக்காரரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் எங்கள் ஊர்க் கோட்டையில்தான் சிறை இருந்தார், 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் நினைவு மண்டபம் இருக்கிறது. கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட நாயக்கர் வம்சத்து ராஜா. அவருடைய கொடி இன்று எந்தக் கூட்டத்தின் அடையாளமாக வாசிக்கப்படுகிறது என்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

மஸ்கெலியா சொன்னதற்கு எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று. 1921இல் பெஜவாடா (இன்றைய விஜயவாடா) காங்கிரஸ் கூட்டத்தில் பிங்கலி வெங்கய்யா கொண்டுவந்த கொடியில் சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு. மற்றவர்களுக்காக வெள்ளையைச் சேர்க்கச் சொன்னார் காந்தி. அப்புறம் என்ன ஆயிற்று? சீக்கியர்கள் எங்கள் நிறம் எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இப்படியே போனால் கொடி துணிக்கடையாகிவிடும் என்று புரிந்து, 1931இல் காங்கிரஸ் நிறங்களை மாற்றி அமைத்தது. இந்த நிறங்களுக்கு மதப் பொருள் கிடையாது, காவி துணிவு, வெள்ளை வாய்மை, பச்சை நம்பிக்கை என்று தீர்மானமே போட்டார்கள். 1947 ஜூலை 22இல் அரசியல் நிர்ணய சபை கொடியில் இருந்த ராட்டைக்குப் பதில் 24 ஆரச் சக்கரத்தை வைத்து ஏற்றுக்கொண்டது.

இன்றும் எங்கள் ஊர் டீக்கடையில் கேட்டால் காவி இந்து, பச்சை முஸ்லிம் என்றுதான் சொல்வார்கள். அது வேறு கதை. ஆனால் அரசு அப்படிச் சொல்வதில்லை என்பது பெரிய விஷயம்.

வெள்ளவத்தைக்காரி

எல்லாரும் கொடியை மாத்துறதா முடிவெடுத்திட்டீங்களா? நான் ஒருத்தி எதிர்ப்பக்கம் நிக்கிறேன்.

1996 மார்ச் 17 ராத்திரி லாகூர்ல கிரிக்கெட் உலகக் கிண்ணம் தூக்கினப்போ எங்க ஒழுங்கை முழுக்க இந்தக் கொடிதான். முரளி அந்த அணியில இருந்தார். 2022 மக்கள் போராட்டத்துல காலிமுகத்திடல்ல நானும் இதைத்தான் தோள்ல போட்டுக்கிட்டு நின்னேன், பக்கத்துல சிங்களப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள். அங்க தேசிய கீதத்தைத் தமிழ்லயும் பாடினாங்க. யாரும் சிங்கம் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு பார்க்கல.

ஃபிஜியைப் பாருங்க. 2015ல பிரதமர் பைனிமராமா யூனியன் ஜாக்கை எடுத்துட்டுப் புதுக் கொடி கொண்டு வரப்போறேன்னு அறிவிச்சார். 2016 ரியோ ஒலிம்பிக்ல றக்பி தங்கம் கிடைச்சது, சனம் பழைய கொடியோட தெருவுக்கு வந்தது, திட்டத்தையே கைவிட்டார். நியூசிலாந்து இன்னும் மோசம். 10,292 வரைவு, ரெண்டு வாக்கெடுப்பு, 2.6 கோடி டொலர். கடைசியில 56 வீதத்துக்கு மேல பழசே போதும்னு சொல்லிட்டாங்க. வந்த வரைவுகள்ல சனத்துக்கு நல்லா ஞாபகம் இருக்கிறது கண்ணால லேசர் விடுற கிவிக் குருவி.

கொடிக்குப் பொருள் குடுக்கிறது அதைப் பிடிக்கிற கை. வரைஞ்ச குழு இல்ல.

பனங்கீற்று

அக்கா, காலிமுகத்திடல் உண்மை, நான் மறுக்கேல்லை. ஆனா 2015ஐயும் சேர்த்துப் பாருங்கோ. கொழும்பில ஒரு ஆர்ப்பாட்டத்துக்குச் சிலபேர் பச்சையும் செம்மஞ்சளும் இல்லாத கொடியோட வந்தவை, பெரிய சர்ச்சையானது. வெட்டி எடுக்கக் கூடின மாதிரி கொடி இருந்ததாலதான் அது ஏலுமாயிருந்தது. பட்டை இல்லாட்டியும் சிங்கக்கொடி முழுக் கொடியாத்தான் தெரியும். கனடாக் கொடியில இலையை வெட்டினால் மிச்சம் கொடியில்லை. 2017இல வவுனியாவில பாடசாலை விழா ஒண்டில வடமாகாண கல்வி அமைச்சர் இதே கொடியை ஏத்த மறுத்தவர். ஒருபக்கம் பட்டையை வெட்டுகினம், மற்றப்பக்கம் முழுசையும் ஏத்தமாட்டினம். ரெண்டு பேரும் ஒரே தையலைத்தான் காட்டுகினம்.

கொடி மாறவே இல்லை எண்டும் சொல்ல ஏலாது. மூலையில இருக்கிற அரசிலை 1972இல வந்தது. புது அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் குடுத்த அதே வருசம். அதுக்கு முதல் அந்த இடத்தில ஈட்டிமுனை மாதிரி ஒரு அலங்காரம். மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை எண்டு நாலு பௌத்தக் குணங்களா நாங்கள் பள்ளிக்கூடத்தில பாடமாக்கினது பிறகு வந்த விளக்கம்.

புதுக்கடைக் கறுப்புக்கோட் (கொழும்பு)

1972இல் எளிதாக மாற்றினார்கள், இப்போது முடியாது. 1978 அரசியலமைப்பின் 6ஆம் உறுப்புரை, தேசியக் கொடி சிங்கக்கொடி என்று சொல்கிறது. படம் இரண்டாம் அட்டவணையில். 83ஆம் உறுப்புரையை எடுத்துப் பாருங்கள்: 6ஐத் தொட வேண்டுமானால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை, அதாவது 225 பேரில் 150, அதற்கு மேல் சர்வசன வாக்கெடுப்பு. ஒற்றையாட்சி, பௌத்தத்துக்கு முதன்மை, மக்கள் இறைமை, இவற்றுக்கு என்ன பூட்டோ கொடிக்கும் அதே பூட்டு. ஒப்பிட்டுச் சொல்வதானால், மலாவியில் 2010இல் ஆட்சியாளர் கொடியில் இருந்த உதயசூரியனை முழுச்சூரியனாக்கினார், 2012இல் அடுத்தவர் வந்து பழையபடி மாற்றிவிட்டார்.

இன்னொரு எச்சரிக்கை. யாருக்கும் சொந்தமில்லாத கொடி என்பது நல்ல யோசனைதான். சைப்ரஸ் 1960இல் அதைச் செய்து பார்த்தது. நீலம் கூடாது, சிவப்பு கூடாது, சிலுவை கூடாது, பிறை கூடாது என்று விதி போட்டு, தீவின் வரைபடத்தையும் இரண்டு ஒலிவ் கிளைகளையும் வைத்தார்கள். யாரையும் புண்படுத்தவில்லை. யாரும் நெஞ்சில் குத்திக்கொள்ளவும் இல்லை. கிரேக்கர் கிரேக்கக் கொடியை ஏற்றினார்கள், துருக்கியர் துருக்கிக் கொடியை ஏற்றினார்கள். பொஸ்னியாவில் உள்ளூர்க்காரர்கள் உடன்படாமல் 1998இல் சர்வதேச உயர் பிரதிநிதியே ஒரு கொடியை அறிவிக்க வேண்டி வந்தது. நடுநிலை மட்டும் போதாது.

ஸ்காபரோ சித்தப்பா

அதுக்கு எதிர் உதாரணம் தென்னாபிரிக்கா. 7,000க்கு மேல வரைவு வந்தது, ஒண்டும் தேறேல்லை. தேர்தல் 1994 ஏப்ரல் 27, கொடி முடிவானது மார்ச் நடுப்பகுதி. வரைஞ்சவர் அரச சின்னங்களுக்குப் பொறுப்பான பிரவுனல். மண்டேலா வெளியூரில இருந்தபடியால் அவருக்குத் தொலைநகலில அனுப்பினவை. அது கறுப்பு வெள்ளையில வர, ஆரோ கடைக்கு ஓடிப்போய் கலர் பென்சில் வாங்கி நிறம் தீட்டிக் காட்டினவையாம். அஞ்சு வருசத்துக்குத் தற்காலிகம் எண்டுதான் வைச்சவை, இண்டைக்கும் அதுதான்.

முக்கியமான விசயம்: ஆறு நிறம் இருக்கு, ஒண்டுக்கும் அரசாங்கம் அதிகாரபூர்வமாப் பொருள் சொல்லேல்லை. அவனவன் தனக்கு வேண்டியதைப் பார்த்துக்கொள்ளுறான்.

மஸ்கெலியா மழை

இதுதான் எனக்கு வேணும். பொருள் எழுதாதீங்க. எழுதினா அது பாடப்புத்தகத்துக்குப் போகும், டீச்சர் படம் வரைவாங்க, ஏதோ ஒரு பிள்ளை தன் நிறத்தைத் தேடும்.

காத்தான்குடிக் காக்கா

பொருள் எழுதாட்டியும் என்ன போடப்போறீங்க? எதப் போட்டாலும் ஒரு கட்சிட சின்னம். யானை போட்டா ஐ.தே.க. தாமரை மொட்டு போட்டா ராஜபக்ச. கை இருக்கி, திசைகாட்டி இருக்கி, மரம் நம்மட காங்கிரஸ், சேவல் தோட்டத்துக் காங்கிரஸ், வீடு தமிழரசு. சூரியன் உதிச்சா கூட்டணிக்காரன் வந்திருவான். தேர்தல் ஆணைக்குழு எல்லாத்தையும் பங்கு போட்டுக் குடுத்திட்டு.

அச்சுக்கூடம் (புறக்கோட்டை)

சுதந்திர தினம், பெப்ரவரி 4க்கு முதல் ராப்பகலாக் கொடி அடிக்கிற ஆள் நான். ஒருத்தரும் கேக்காத கேள்வி: அடிக்க ஏலுமா?

இப்ப உள்ளதுக்கு வெள்ளைத் துணியில நாலு ஸ்கிரீன்: மஞ்சள், மெருன், பச்சை, செம்மஞ்சள். மஞ்சளுக்கு மேல மெருன் ஒரு நூல் தள்ளி விழுந்தாலும் சிங்கத்தின்ர முகம் கோணும். பிள்ளைகளுக்கான கைக்கொடியில வாளும் முன்காலும் ஒண்டாகி மொத்தமா ஒரு மஞ்சள் திட்டுத்தான் தெரியும். வாலில எட்டு மயிர்க்கற்றை, அது பௌத்தத்தின்ர எண்வகை மார்க்கம் எண்டு சொல்லுவினம், அந்த அளவில எட்டும் விழாது. மலிவுத் துணியில மறுபக்கம் மை அரைகுறையாத்தான் இறங்கும், அதனால காத்தில திரும்பினால் சிங்கம் வெளிறிப் போய் நிக்கும். ஓடர் தாறவையளும் விலையைத்தான் கேப்பினம், சிங்கத்தின்ர நகத்தை எண்ணிப் பார்க்கிறேல்லை.

பள்ளிக்கூடத்தில கொடி கீறச் சொன்னா எனக்கு எப்பவும் பூனைதான் வந்தது. பிள்ளை கீற ஏலாத கொடியை மனசில வைக்கிறதும் கஷ்டம்.

பனங்கீற்று

சரி, எல்லாத்தையும் கேட்டுத் திருத்தினது இது.

நீலத்தை விட்டிட்டன். மெருன் முழுக்க. வெள்ளவத்தை அக்கா சொன்ன அந்தக் கைகளுக்குப் பழகின நிறம் அதுதான், தெற்கில இருக்கிறவைக்கும் அதைப் பறிகொடுத்த எண்ணம் வராது. சுழல் இல்லை, ரெண்டு வளைவும் இல்லை. ஒரே ஒரு பொன் பட்டை, கம்பத்துக்குக் கீழ் மூலையில தொடங்கி, நடுவில ஒருக்கா அலையாத் தாழ்ந்து, எதிர் மேல் மூலைக்கு ஏறும். தொடக்கத்தில ஒடுக்கம், போகப்போக அகலம். எந்தப் பக்கத்தை வெட்டினாலும் பட்டை அறும், வெட்டினது உடனே தெரியும்.

விளக்கக் குறிப்பு எழுதேல்லை. எனக்கு அது காத்து.

காத்தான்குடிக் காக்கா

எனக்கு அது மட்டக்களப்பு வாவி.

மஸ்கெலியா மழை

மலைப்பாதை. வேற எதுவா இருக்க முடியும்.

வெள்ளவத்தைக்காரி

எனக்கு இன்னும் சிங்கம்தான் கொடி. ஆனா இதைப் பார்த்துக் கோவம் வரல, அதைச் சொல்லிட்டேன். இதைச் சிங்களத்துல எழுதி அந்தப் பக்கத்து ஆக்களிட்டயும் கேளுங்க. இங்க நாங்களே நாங்களே பேசி 150 பேர் கை தூக்கமாட்டாங்க.

புதுக்கடைக் கறுப்புக்கோட்

அவர் சொல்வதுதான் சட்டப்படியும் சரி. சர்வசன வாக்கெடுப்பில் தமிழ் பேசுபவர்கள் அத்தனை பேரும் ஆம் என்றாலும் பாதியைத் தொடாது. சிங்கள வரைகலைஞர் ஒருவரையாவது இழைக்குக் கூட்டி வாருங்கள், அவர் மெருனை விரும்புகிறாரா, சிங்கத்தை விட மனம் வருகிறதா என்று அவரே சொல்லட்டும்.

அச்சுக்கூடம்

மெருன் துணியிலயே பொன் மையை ஒரு ஸ்கிரீனில அடிச்சால் காணும். செலவு நல்லாக் குறையும், மறுபக்கத்துக்கும் தனியா அடிக்கலாம். கருநிறத் துணியில பொன் மை ஒரு தரத்தில எழும்பாது, ரெண்டுதரம் இழுக்க வேணும். பனங்கீற்று, பிடிஎஃப் அனுப்புங்கோ, கைக்கொடி அளவில கொஞ்சம் அடிச்சுப் பாப்பம். பட்டையின்ர ஒடுக்கமான நுனியைக் கொஞ்சம் தடிப்பாப் போடுங்கோ, இல்லாட்டி தையலுக்குள்ள போயிடும்.